வகுப்பே இல்லாமல் வந்த தெலுங்கு, பத்து வருஷம் படித்தும் வராத ஆங்கிலம்: பழவேற்காடு ஏரி சொல்லும் மொழிக் கணக்கு

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால் பழவேற்காடு. ஏரியின் தென்முனை தமிழ்நாட்டில், பெரும்பகுதி ஆந்திரத்தில். ஏரியைச் சுற்றி வாழ்பவர்களில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசிச் சமாளிப்பவர்கள் ஏராளம். இதற்காக யாரும் கோச்சிங் சென்டர் போனதில்லை, ஆப் டவுன்லோடு செய்ததும் இல்லை. ஏலத்தில், படகில், கல்யாண வீட்டில் பேசிப் பேசியே வந்த மொழி அது.

அதே ஊர்ப் பிள்ளைகள் பள்ளியில் பத்து வருஷம் ஆங்கிலம் படிக்கிறார்கள். பரீட்சையில் பாஸ் செய்கிறார்கள். ஆனால் இன்டர்வியூவில் இரண்டு வாக்கியம் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இது பழவேற்காட்டுப் பிரச்சினை மட்டுமல்ல, தமிழ்நாடு முழுக்க இதே கதைதான்.

ஒரே மூளை, ஒரே ஆள். ஒரு மொழி ஒட்டுகிறது, இன்னொன்று ஒட்ட மாட்டேன் என்கிறது. ஏன்? இரண்டாம் மொழி மனிதருக்கு எப்படி வருகிறது என்பதை ஆய்வாளர்கள் அறுபது வருஷமாக ஆராய்ந்து வருகிறார்கள். இருமொழியா மும்மொழியா என்று நாடே சண்டை போடும் நேரத்தில், அந்த ஆய்வுகளை இந்த ஏரிக்கரையில் வைத்துப் பார்த்தால் பல விஷயம் தெளிவாகிறது.

ஏரிக்கு நடுவே எப்படி வந்தது எல்லை?

பழவேற்காடு இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. முதலிடம் ஒடிசாவின் சிலிக்காவுக்கு. ஏரிக்கும் வங்கக்கடலுக்கும் நடுவே கரைபோல நிற்கிறது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ராக்கெட் பறக்கும் அதே இடம்தான்.

மொழிவழி மாநிலப் பிரிவினைக்கு முன்னால் ஏரி முழுவதும் சென்னை மாகாணத்துக்குள் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தது. எல்லையில் எந்த ஊர் யாருக்கு என்ற இழுபறி அதன்பிறகும் தொடர்ந்தது. 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. 1960 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது.

கோடு போட்டாச்சு. ஆனால் கோட்டைப் பார்த்து மக்கள் பேசும் மொழி மாறுமா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 42 லட்சம் பேர். ஆந்திரத்தின் தென்கோடி மாவட்டங்களில் தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய. அந்தக் கடற்கரையில் வாழும் பட்டபு மீனவர்கள் தமிழோடு நெருங்கிய உறவுள்ள ஒரு பேச்சுமொழியை வீட்டில் பேசுகிறார்கள். உலக மொழிகளுக்கான குறியீட்டுப் பட்டியலில் அதற்குத் தனி இடமே இருக்கிறது.

மீனுக்கும் எல்லை தெரியாது. மீன் போகிற இடத்துக்குத்தான் படகும் போகும். அதனால்தான் எங்கே வலை போடலாம் என்பதில் இரு மாநில மீனவர்களுக்கும் அவ்வப்போது உரசல் வருகிறது. உரசல் வந்தால் பேசித் தீர்க்க வேண்டும். அதற்கும் எதிராளியின் மொழி கொஞ்சமாவது தெரிய வேண்டும்.

பெறுவது வேறு, படிப்பது வேறா?

1970களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீபன் கிராஷன் ஒரு வித்தியாசத்தை முன்வைத்தார். மொழியைப் ‘பெறுவது’ ஒன்று, ‘கற்பது’ இன்னொன்று. அர்த்தம் புரிகிற பேச்சைத் தொடர்ந்து கேட்கும்போது மொழி தானாக உள்ளே இறங்குவது முதல் வகை. எழுவாய், பயனிலை, டென்ஸ் என்று விதிகளை மனப்பாடம் செய்வது இரண்டாம் வகை. பேசும்போது கைகொடுப்பது முதல் வகைதான் என்பது அவர் வாதம்.

இதில் முக்கியமான வார்த்தை ‘அர்த்தம் புரிகிற’. தெலுங்கு சீரியலை நாள் முழுக்க ஓடவிட்டால் தெலுங்கு வந்துவிடாது. மீன் ஏலத்தை எடுத்துக்கொள்வோம். கண்ணுக்கு முன்னால் கூடையில் இறால் இருக்கிறது. ஒருவர் “ரொய்யலு” என்கிறார். விலை கேட்கிறார்கள், விரல் காட்டுகிறார்கள், தலையாட்டுகிறார்கள். அகராதி பார்க்காமலே தெரிந்துவிடும், ரொய்யலு என்றால் இறால். பொருள், சைகை, சூழல் எல்லாம் சேர்ந்து அர்த்தத்தைத் தூக்கிக் கொடுக்கின்றன.

கிராஷன் சொன்னது முழுசாகச் சரி என்று பின்னால் வந்தவர்கள் ஏற்கவில்லை. கனடாவில் பாடம் முழுவதையும் பிரெஞ்சிலேயே படித்த ஆங்கிலக் குழந்தைகளை மெரில் ஸ்வெயின் கவனித்தார். பல வருஷம் பிரெஞ்சைக் கேட்டும் அவர்கள் பேச்சில் இலக்கணப் பிழை தீரவில்லை. கேட்டார்கள், புரிந்துகொண்டார்கள், ஆனால் போதுமான அளவு பேச வாய்ப்பு வரவில்லை. 1985இல் அவர் சொன்ன முடிவு இது: மொழி வளர வேண்டுமென்றால் வாயைத் திறக்க வேண்டும். நாம் சொன்னது எதிராளிக்குப் புரியாமல் போகும்போதுதான் வேறு மாதிரி சொல்ல மூளை முயல்கிறது.

ஏலத்தில் இது தானாக நடக்கும். விலையைத் தப்பாகச் சொன்னால் பணம் போகும். திருத்திச் சொல்லியே ஆக வேண்டும். வகுப்பறையில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர். ஒரு பிள்ளை ஒரு பீரியடில் ஆங்கிலத்தில் சொந்தமாக எத்தனை வாக்கியம் பேசும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

தமிழருக்குத் தெலுங்கு ஏன் சுலபம்?

ஏரிக்கரைத் தெலுங்குக்கு இன்னொரு அனுகூலமும் உண்டு. இரண்டும் திராவிட மொழிகள். நம்ம வலை அங்கே ‘வல’. படகு ‘படவ’. மூன்று ‘மூடு’, நாலு ‘நாலுகு’, ஆறு ஆறேதான். அக்கா அக்காதான், மாமா மாமாதான்.

சொற்களைவிட முக்கியம் வாக்கியத்தின் எலும்புக்கூடு. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். ‘எனக்குத் தெரியும்’ என்பதைத் தெலுங்கிலும் அதே அச்சில் ‘நாக்கு தெலுசு’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் இது ‘நான் அறிகிறேன்’ என்று வேறு அச்சுக்குப் போய்விடும். எதிராளியைச் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, சேர்க்காத ‘நாங்கள்’ என்ற பிரிவு ஆங்கிலத்தில் இல்லை. தெலுங்கில் ‘மனமு’, ‘மேமு’ என்று அப்படியே இருக்கிறது. ஆக, தெலுங்கு கற்கும் தமிழர் புது வீடு கட்டத் தேவையில்லை. இருக்கிற வீட்டுக்குப் பெயின்ட் மாற்றினால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் உறவு மொழிகளில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒரே மாதிரி ஒலிக்கும், அர்த்தம் வேறாக இருக்கும். தெலுங்கில் ‘எந்த’ என்றால் ‘எவ்வளவு’. ‘அவசரம்’ என்றால் ‘தேவை’. தெலுங்கு வியாபாரி ஒருவர் “அவசரம் லேது” என்று சொன்னால், ‘எனக்கு வேண்டாம்’ என்று அர்த்தம். ‘அவசரமில்லை, மெதுவா கொடுங்க’ என்று நினைத்துத் தமிழர் காத்திருந்தால் ஐஸ் உருகிவிடும்.

பக்கத்துப் பக்கத்தில் பல தலைமுறை வாழும் மொழிகள் ஒன்றையொன்று மாற்றவும் செய்யும். 1956இல் எமனோ என்ற மொழியியலாளர் இந்தியாவையே ஒரு ‘மொழிப் பரப்பு’ என்று விளக்கினார். வெவ்வேறு குடும்பத்து மொழிகள்கூட இங்கே ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்றார். மகாராஷ்டிர, கர்நாடக எல்லையில் உள்ள குப்வாட் கிராமத்தை ஆராய்ந்து ஜான் கம்பெர்ஸும் ராபர்ட் வில்சனும் 1971இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் ஆச்சரியமானது. அந்த ஊரில் மராத்தி, கன்னடம், உருது, தெலுங்கு நான்கும் புழங்கின. தினமும் மொழி மாற்றி மாற்றிப் பேசியதில், அந்த ஊர் மராத்தி, கன்னடம், உருது மூன்றின் வாக்கிய அமைப்பும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. சொல் மட்டும் வேறு, அச்சு ஒன்று. எந்த மொழியும் அழியவில்லை. வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று என்று அததற்கு அதன் இடம் இருந்ததே காரணம்.

தப்பாகப் பேசுவது தப்பா?

தெலுங்கில் ‘அவள் வந்தாள்’ என்பதற்கும் ‘அது வந்தது’ என்பதற்கும் வினைச்சொல் ஒன்றே: ‘வச்சிந்தி’. பெண்ணுக்கும் பொருளுக்கும் ஒருமையில் ஒரே விகுதி. அதனால் தெலுங்கர் தமிழ் பேசும்போது “டீச்சர் வந்தது” என்று சொல்வது சகஜம். நம்ம ஊரிலேயே சில வட்டாரங்களில் ‘அக்கா வந்துச்சு’ என்பது பாசமான பேச்சு என்பதால் ஏரிக்கரையில் யாரும் இதைப் பெரிசாக எடுத்துக்கொள்வதில்லை. வகுப்பில் எழுதினால் சிவப்பு மை.

1967இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் பிட் கார்டர் எழுதிய ஒரு கட்டுரை இந்தச் சிவப்பு மையைக் கேள்வி கேட்டது. பிழைகள் கவனக்குறைவு இல்லை, கற்பவரின் மூளை இப்போது எந்த விதியைப் பின்பற்றுகிறது என்பதைக் காட்டும் சன்னல் என்றார். 1972இல் லாரி செலிங்கர் அதற்கு ‘இடைமொழி’ என்று பெயர் வைத்தார். தாய்மொழியும் இல்லை, கற்கும் மொழியும் இல்லை, நடுவில் ஒரு மொழி. அதற்கென்று விதிகள் உண்டு. கற்கக் கற்க அது மாறிக்கொண்டே போகும்.

மாறாமல் நின்றுவிடவும் செய்யும். இதுதான் ஏரிக்கரைக்கு மிக நெருக்கமான கண்டுபிடிப்பு. 1980களில் ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் வேலைக்காகக் குடியேறிய 40 பெரியவர்களை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பஞ்சாபி, துருக்கி, அரபு என்று பல மொழிக்காரர்கள். வகுப்பு என்று பெரிதாக எதுவும் இல்லாமல், வேலையிடத்திலும் கடையிலும் மொழியைப் பிடித்தவர்கள். தாய்மொழி எதுவாக இருந்தாலும் எல்லோரும் ஒரே மாதிரியான ஒரு கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சொற்கள் இருக்கும், வரிசை இருக்கும், விகுதிகள் இருக்காது. ‘நேத்து நான் மார்க்கெட் போ, மீன் வாங்கு’ என்கிற மாதிரி. வோல்ஃப்காங் கிளைன், கிளைவ் பெர்டியூ இருவரும் 1997இல் இதை ‘அடிப்படை வடிவம்’ என்று விவரித்தார்கள். சுமார் மூன்றில் ஒரு பங்கினர் அந்தக் கட்டத்தைத் தாண்டவே இல்லை.

காரணம் திறமைக் குறைவு இல்லை. வேலை நடக்கிறது, சம்பளம் வருகிறது, எதிராளிக்குப் புரிகிறது. அதற்கு மேல் கற்கத் தேவை எழவில்லை. தேவை எவ்வளவோ, மொழி அவ்வளவு.

வயசு ஆகிடுச்சுன்னா அவ்வளவுதானா?

“சின்ன வயசுலயே படிச்சிருக்கணும், இப்போ வராது” என்று முப்பது வயதில் சொல்பவர்கள் நிறைய. இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது. 1967இல் எரிக் லென்னபெர்க், மொழியைப் பெறுவதற்கான உயிரியல் காலம் பருவ வயதோடு மூடிக்கொள்கிறது என்றார். 1989இல் ஜான்சன், நியூபோர்ட் இருவரும் அமெரிக்காவில் குடியேறிய 46 சீன, கொரிய மொழிக்காரர்களைச் சோதித்தார்கள். சிறுவயதில் வந்தவர்களே ஆங்கில இலக்கணத்தில் முன்னணியில் இருந்தார்கள்.

2018இல் வந்த ஒரு ஆய்வு அந்தக் கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தது. ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் இணையத்தில் நடத்திய ஆங்கில இலக்கண வினாடிவினாவில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றார்கள். இலக்கணத்தை வேகமாகப் பிடிக்கும் திறன் சுமார் 17 வயது வரை குறையாமல் இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. அதேசமயம், தாய்மொழிக்காரர் அளவுக்குப் போக வேண்டுமென்றால் பத்து வயதுவாக்கிலாவது தொடங்குவது நல்லது என்கிறது அதே ஆய்வு.

இன்னொரு பக்கமும் உண்டு. 1978இல் ஸ்னோ, ஹூஃப்னாகல்-ஹோலே இருவரும் நெதர்லாந்துக்குப் புதிதாக வந்த ஆங்கிலக் குடும்பங்களை ஆராய்ந்தார்கள். டச்சு மொழியை முதல் சில மாதங்களில் வேகமாகப் பிடித்தது குழந்தைகள் இல்லை. பதின்வயதினரும் பெரியவர்களும்தான். மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் கடைசியில் இருந்தார்கள். ஓட்டத்தைத் தொடங்குவதில் பெரியவர்கள் வேகம், தூரம் போவதில் குழந்தைகள் வேகம்.

ஆக, உச்சரிப்பில் அசலாக ஒலிப்பது பெரியவர்களுக்குக் கஷ்டம்தான். வேலைக்கும் வாழ்க்கைக்கும் போதுமான மொழியைப் பெற வயது தடையில்லை.

டச்சுக்காரர்கள் என்ன மொழி பேசினார்கள்?

பழவேற்காட்டுக்கு இது புதுசும் இல்லை. 1613இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரையில் அவர்கள் வணிகத்துக்கு இதுவே தலைமையிடமாக இருந்தது. 1630களில் இங்கே வந்த பாதிரியார் ஆபிரகாம் ரோஜேரியஸ், இந்து சமயம் பற்றி ஐரோப்பாவில் வெளியான முக்கியமான ஆரம்பகால நூல்களில் ஒன்றை எழுதினார். அவர் இறந்தபிறகு 1651இல் அது அச்சானது.

அவருக்கு விஷயங்களைச் சொன்னவர் பத்மநாபன் என்ற பிராமணர். டச்சுப் பாதிரியாரும் பழவேற்காட்டுப் பிராமணரும் எந்த மொழியில் பேசினார்கள் தெரியுமா? போர்ச்சுகீசியத்தில். இருவருக்குமே அது தாய்மொழி இல்லை. டச்சுக்காரர்கள் வருவதற்கு முன்பே கரையோர வணிகத்தில் போர்ச்சுகீசியம் பரவியிருந்தது. கோட்டையின் மொழி டச்சாக இருந்தாலும் சந்தையின் மொழி வேறாக இருந்தது.

இந்தக் கரையின் முஸ்லிம் வணிகர்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதினார்கள். அர்வி என்று அதற்குப் பெயர். அரபும் வேண்டும், தமிழும் வேண்டும் என்றபோது மக்களே கண்டுபிடித்த வழி அது. டச்சுக்காரர் போனார்கள், போர்ச்சுகீசியமும் போனது. தேவை போனால் மொழியும் போய்விடும். இந்த எச்சரிக்கை இன்றைய ஏரிக்கரைத் தெலுங்குக்கும் தமிழுக்கும் பொருந்தும்.

ஏரிக்கரை மொழி எங்கே தோற்கிறது?

இதுவரை படித்தால் ‘பள்ளியே வேண்டாம், சந்தை போதும்’ என்று தோன்றலாம். அது தப்பு.

கனடாவில் புலம்பெயர்ந்த குழந்தைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், 1979இல் மொழித் திறனை இரண்டாகப் பிரித்தார். விளையாட்டிலும் கடையிலும் பேசும் மொழி ஒன்று, பாடப்புத்தகத்தைப் படித்துப் புரிந்து வாதம் செய்யும் மொழி இன்னொன்று. முதலாவது சுமார் இரண்டு வருஷத்தில் வந்துவிடும். இரண்டாவதுக்கு ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். குழந்தை சரளமாகப் பேசுவதைப் பார்த்து ‘மொழி வந்துவிட்டது’ என்று ஆசிரியர் நினைத்துவிடுகிறார். பிறகு மார்க் குறையும்போது ‘மக்கு’ என்று முத்திரை விழுகிறது.

வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை ஒன்று பழவேற்காட்டில் தமிழ்வழிப் பள்ளியில் சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெருவில் பழகிய தமிழ் அதற்குத் தெரியும். ‘தண்ணி குடிச்சேன்’ என்று சொல்லும். புத்தகத்தில் ‘தண்ணீர் குடித்தேன்’ என்று இருக்கும். தமிழின் பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் இவ்வளவு தள்ளி நிற்பதால், அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் மொழி ஒன்றல்ல, இரண்டு. அதோடு தெலுங்கில் இல்லாத ‘ழ’வும் சேர்ந்துகொள்ளும். எல்லைக்கு அந்தப் பக்கம் தெலுங்குப் பள்ளிக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைக்கு எதிர்த்திசைச் சிக்கல். தமிழில் ஒரே ‘க’ போதும். தெலுங்கில் அந்த இடத்தில் நான்கு எழுத்து. பேச்சில் கேட்டுப் பழகாத வித்தியாசத்தை எழுத்தில் பிரித்தாக வேண்டும்.

ஏலத்தில் விலை பேசத் தெரிந்தவருக்கு நிவாரண விண்ணப்பத்தைப் படிக்கத் தெரியாமல் போகலாம். இரு மாநில மீனவர் பேச்சுவார்த்தையில் வாய்ப்பேச்சு புரியும், கையெழுத்துப் போடச் சொல்லும் காகிதம் புரியாது. பேச்சு சந்தையில் வரும். எழுத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்லித்தர வேண்டும்.

அப்போ சட்டமும் பள்ளியும் என்ன செய்கின்றன?

தமிழ்நாட்டில் 1968 முதல் இருமொழிக் கொள்கை: தமிழ், ஆங்கிலம். 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையும் அதை உறுதி செய்தது. ஆந்திரத்தில் மும்மொழி: தெலுங்கு, இந்தி, ஆங்கிலம். மத்திய அரசின் 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று மொழி என்கிறது. அந்தக் கொள்கையோடு இணைந்த திட்டத்தை ஏற்காததால் தமிழ்நாட்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி நிறுத்தப்பட்டது 2025இல் பெரிய அரசியல் மோதலானது.

ஆந்திரத்தில் வேறு சண்டை. அரசுப் பள்ளிகளை ஆங்கில வழிக்கு மாற்ற 2019இல் அரசாணை வந்தது. 2020 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

தமிழ்நாட்டின் 2006 தமிழ் கற்றல் சட்டம், எல்லாப் பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. அந்த ஆண்டு முதல் வகுப்பில் தொடங்கி வருஷத்துக்கு ஒரு வகுப்பாக மேலே போய், 2016இல் பத்தாம் வகுப்பைத் தொட்டது. தெலுங்கு, கன்னடம், உருது உள்ளிட்ட சிறுபான்மை மொழி மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் தமிழ்த் தாளிலிருந்து விலக்கு கேட்டு வழக்குகள் நடந்தன. விலக்குகளும் கிடைத்தன. ஒரு பக்கம், வாழும் மாநிலத்தின் மொழியை எழுதப் படிக்கத் தெரிவது பிள்ளையின் வேலைக்கும் உரிமைக்கும் அவசியம். இன்னொரு பக்கம், தாய்மொழியின் எழுத்து கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். இரண்டுமே நியாயமானவை.

இந்தச் சண்டைகளில் ஒரு விஷயம் யார் கண்ணிலும் படவில்லை. பழவேற்காட்டுப் பிள்ளைக்கு அன்றாடம் தேவைப்படும் இரண்டாம் மொழி தெலுங்கு. தடாவில் வளரும் பிள்ளைக்குத் தமிழ். சிறுபான்மை மொழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் அவை அந்தந்தத் தாய்மொழிக்காரர்களுக்கானவை. பக்கத்து வீட்டுக்காரரின் மொழியை எழுதப் படிக்கக் கற்றுத்தரும் ஏற்பாடு இரண்டு பக்கத்துப் பொதுவான பாடத்திட்டத்திலும் இல்லை.

அதன் விலை வேலைச் சந்தையில் தெரிகிறது. தடாவை ஒட்டி ஸ்ரீசிட்டி, இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட். சென்னையிலிருந்து சூலூர்பேட்டை வரை ரயில் ஓடுகிறது. இரு மாநில ஆட்களும் ஒரே ஷிப்டில் நிற்கிறார்கள். ஒரு பாதுகாப்பு அறிவிப்பை இரண்டு மொழியிலும் படித்து, இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்த சூப்பர்வைசருக்கு அங்கே தனி மதிப்பு. ஏரிக்கரைப் பிள்ளைகளிடம் அந்தத் திறமையில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் பள்ளி தரவில்லை.

வகுப்பறையில் இதைச் செய்ய முடியுமா?

முடியும் என்று தென்னிந்தியாவிலேயே ஒருவர் செய்து பார்த்தார். 1979 முதல் 1984 வரை என்.எஸ். பிரபு தலைமையில் பெங்களூரு, சென்னை உள்ளிட்ட ஊர்ப் பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. ‘பெங்களூரு திட்டம்’ என்று உலகம் முழுக்க மொழி ஆசிரியர்கள் அதைப் படிக்கிறார்கள். அதில் இலக்கணப் பாடம் கிடையாது. ரயில் கால அட்டவணையைப் பார்த்து எந்த ரயில் பிடிக்கலாம் என்று கண்டுபிடி, வரைபடத்தைப் பார்த்து வழி சொல் என்று வேலைகளைக் கொடுத்தார்கள். விடை காணும் மும்முரத்தில் ஆங்கிலம் கூடவே வந்தது. பிறகு வெளியார் செய்த மதிப்பீட்டு முடிவுகள் பெரும்பாலும் சாதகமாக இருந்தன. வசதியான பள்ளிகளில் இல்லை, சாதாரணப் பள்ளிகளில் நடந்த சோதனை இது.

ஏலம் செய்வதைத்தான் பிரபுவின் வகுப்பறையும் செய்தது. மொழியைப் பாடமாக வைக்காமல், ஒரு வேலையை முடிக்கும் கருவியாக வைத்தது.

பெங்களூருவில், ஹைதராபாத்தில் இருக்கும் உங்களுக்கு?

வேலைக்காக வேறு மாநிலம் போனவர்களுக்கும் இதே கணக்குதான். ஆய்வுகளைச் சுருக்கினால் நான்கு விஷயம் கையில் மிஞ்சும்.

முதலாவது, சொல்லை விட்டுவிட்டுத் தொடரைப் பிடியுங்கள். ஸ்பானிய மொழிக் குழந்தைகள் ஐந்து பேர் ஆங்கிலம் பெற்ற விதத்தை 1976இல் ஆராய்ந்த லில்லி வோங் ஃபில்மோர், அவர்கள் தயார் வாக்கியங்களை முழுசாக விழுங்கி, பிறகு உடைத்து உடைத்துப் பயன்படுத்தியதைக் கண்டார். ‘எவ்வளவு?’, ‘கொஞ்சம் மெதுவா சொல்லுங்க’, ‘இதுக்கு என்ன பேர்?’ என்று பத்துத் தொடர் போதும், உரையாடலுக்குள் நுழைந்துவிடலாம்.

இரண்டாவது, தினமும் அந்த மொழி இல்லாமல் நடக்காத ஒரு வேலையை வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கடை, ஆட்டோ, ஆபீஸ் கேன்டீன் எதுவானாலும் சரி. எதிராளி ஆங்கிலத்துக்குத் தாவினால் நீங்கள் தாவாதீர்கள்.

மூன்றாவது, பிழைக்கு வெட்கப்படாதீர்கள். ஆனால் ஒரே பிழையோடு ஆறு மாதம் சௌகரியமாக உட்காரவும் வேண்டாம். திருத்தச் சொல்லி ஒருவரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் ‘அடிப்படை வடிவ’த்திலேயே நின்றுவிடுவீர்கள்.

நான்காவது, எழுத்தை ஒத்திப்போடாதீர்கள். பேச வந்தபிறகு எழுத்து தானாக வராது. பஸ் போர்டு, கடைப் பெயர் என்று ஆரம்பித்தாலும் ஆரம்பிக்க வேண்டும்.

இனி என்ன ஆகும்?

ஏரியின் இருமொழி, ஏரித் தொழிலை நம்பி நிற்கிறது. அந்தப் பிழைப்பு சுருங்கினால், பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனால், ஏலமும் படகும் கற்றுக்கொடுத்த மொழியைக் கற்றுக்கொடுக்க வேறு இடம் கிடையாது. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இரண்டு மொழி தெரிந்தவர்கள் சுமார் 26 சதவீதம், மூன்று மொழி தெரிந்தவர்கள் சுமார் 7 சதவீதம். இதில் பெரும்பங்கு பள்ளி தந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லையோர ஊர்களும் சந்தைகளும் தொழிற்சாலைகளும் சத்தமில்லாமல் கொடுத்தது அதில் நிறைய.

இரண்டா, மூன்றா என்று எண்ணிக்கையில் நிற்கும் விவாதம் அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்: கற்கும் மொழியில் பிள்ளை ஒரு நாளில் யாரோடு, எதற்காக, எத்தனை நிமிஷம் பேசுகிறது? விடை பூஜ்யம் என்றால் இரண்டாவது மொழியும் ஒட்டாது, மூன்றாவதும் ஒட்டாது. பழவேற்காட்டிலும் தடாவிலும் அந்தக் கேள்விக்கான விடை ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. பக்கத்து மொழியின் எழுத்தை விருப்பப் பாடமாக, வாரத்துக்கு இரண்டு பீரியட் வைத்தால் போதும். பேச்சைச் சொல்லித்தர ஏரி இருக்கிறது.